வெளிப்பக்க நாதாங்கி

சிட்லபாக்கம் ஏரிக்குத் தெற்கே, மனை பிரித்துப் போட்டுப் பாதிக்குமேல் முள்ளுச்செடி மண்டிக் கிடந்த ஒரு தெருவில் தயாளன் வீடு. தினமும் காலையில் அவர் டிபன் காரியரோடு வெளியே வருவார். கதவைச் சாத்துவார். நாதாங்கியை இழுத்து மாட்டி, திண்டுக்கல் பூட்டைக் கொளுவிச் சாவியைச் சுற்றுவார். பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டுவார். ஆபீஸ் போகிற எந்த மனிதரும் செய்கிற காரியம்தான். ஒரே ஒரு வித்தியாசம், உள்ளே அவருடைய மனைவி சாராள் இருப்பாள்.

உடனே தயாளனை ஒரு ராட்சசன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் குடிக்க மாட்டார். கை ஓங்க மாட்டார். குழந்தை இல்லையே என்று ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வரும்போது மறக்காமல் மல்லிகைப்பூவும் பக்கோடாவும் வாங்கி வருவார். ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி யாரிடம் போய்க் குறை சொல்வது? சொன்னால் சொன்னவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பூட்டு வந்த கதை இதுதான். அறுபத்தெட்டில், பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் ஒருவன் தண்ணீர் கேட்டு வந்து, தனியாக இருந்த பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அன்று சாயங்காலமே தயாளன் பூட்டோடு வந்தார்.

"நீ யார் வந்து தட்டினாலும் பாவம்னு தெறந்துடுவே. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

சாராளுக்கும் அப்போது பயமாகத்தான் இருந்தது. சரி என்றாள். அந்தத் திருடனை ஒரே மாதத்தில் பல்லாவரத்தில் பிடித்தும் விட்டார்கள். ஆனால் பூட்டு மட்டும் போகவில்லை. ஒருநாள் அவள் கேட்டாள், "என்னங்க, இன்னொரு சாவி இருக்குமே, அதை ஜன்னல் வழியா என்கிட்ட குடுத்துட்டுப் போங்களேன். அவசரம்னா யார்கிட்டயாவது நீட்டித் தெறக்கச் சொல்லுவேன்."

தயாளன் சிரித்தார். "உன்கிட்ட சாவி இருந்தா அப்புறம் பூட்டுக்கு என்ன அர்த்தம்?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மனதில் இருந்தது அந்த ஒரே ஆசைதான். காசும் வேண்டாம், நகையும் வேண்டாம், தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே போகவேண்டும். எங்கே போவாய் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தால்கூடப் போதும்.

பின்பக்கம் சமையலறைக் கதவைத் திறந்தால் கிணறும் துவைக்கிற கல்லும் இருந்தன. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், அதன்மேல் பாட்டிலை உடைத்துப் பதித்த கண்ணாடிச் சில்லு. மதிலுக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாவின் மாட்டுக்கொட்டகை. பச்சையம்மா ஊர்க்காரி. இந்த மனைகளெல்லாம் நெல் வயலாக இருந்த காலத்திலேயே இருந்தவள். இப்போது நாலு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறாள். துவைக்கிற கல்மேல் சாராள் ஏறி நின்றால் இருவரும் முகம் பார்த்துப் பேசலாம்.

"இன்னாம்மா, பூட்டிகினு கெளம்பிட்டாரா?" என்றுதான் பச்சையம்மாவின் காலை விசாரணை ஆரம்பிக்கும். "திருடனுக்குப் பயந்துகினு எந்த ஊர்லயாவது வெளிய பூட்டுவாங்களா? பூட்டு தொங்கினா வூட்ல ஆளில்லன்னு தானே திருடன் வருவான்? உங்கூட்டுக்காரரு படிச்சவரு, அவருக்கு இது தெரியலயா?"

சாராள் சிரித்து மழுப்புவாள். "அவர் நல்லதுக்குத்தான் செய்யறார்."

"நல்லதுக்குத்தான். அடுப்புல பத்திக்கிச்சுன்னா இன்னா பண்ணுவே? அதையும் அவராண்ட கேட்டு வையி."

அந்த வீட்டில் சாராளைத் தவிர இன்னொரு ஜீவன் இருந்தது. ஜீவன் என்பது தப்பு, பிளாஸ்டிக். ஒரு முழம்கூட இல்லாத பழுப்புக் குதிரை. கல்யாணத்துக்கு முன்பு சாராள், தாம்பரம் கல்லூரி வளாகத்தில் குடியிருந்த ஓர் அமெரிக்க அம்மாளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஸஸ் பார்க்கர் என்று பெயர். இரும்புலியூரில் இருந்த அப்பா வீட்டிலிருந்து தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, கையை வீசிக்கொண்டு நடந்து போவாள். அறுபத்தாறில் கல்யாணம் நிச்சயமானபோது அந்த அம்மாள், தன் மகள் விளையாடி விட்டுப்போன குதிரையையும் அதன்மேல் உட்கார ஒரு தொப்பிக்கார பொம்மையையும் பரிசாகக் கொடுத்தாள். கல்யாணப் பரிசாக எவர்சில்வர் குடம் கொடுக்கத் தெரியாத ஜாதி. சாராள் குதிரைக்கு, வேதாகமத்தில் வருகிற ஆற்றின் பேரை, யோர்தான் என்று வைத்தாள். தொப்பிக்காரனுக்குத் துரை.

அமெரிக்காவுக்குத் திரும்பிய மிஸஸ் பார்க்கர், அங்கே பொம்மைக் குதிரைகளுக்குப் போட்டி நடக்கிறது என்று எழுதினாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிடலாம். சாராளும் முதலில் சிரித்தாள். பொம்மை ஓடப்போவதில்லை, தாண்டப்போவதில்லை. ஓடுகிறபோதும் தாண்டுகிறபோதும் ஒரு நிஜக்குதிரை எப்படி இருக்குமோ அப்படியே சேணம், கடிவாளம், சவாரிக்காரன் எல்லாம் பூட்டி நிறுத்த வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் அதைப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பலாம். நடுவர் ஒருவர் பார்த்து, வார் சரியாக இருக்கிறதா, லகானை ஒழுங்காகப் பிடித்திருக்கிறானா என்று துருவித் துருவி இடம் கொடுப்பார். முதல் இடத்துக்கு நீல ரிப்பன். அதிலே வெஸ்டர்ன் என்று ஒரு பிரிவு, அந்த ஊர் மாடு மேய்க்கிறவர்களின் சவாரி முறை. அந்தச் சேணத்துக்கு முன்னால் கொம்பு மாதிரி ஒரு பிடி உண்டு. குதிரைக்கொம்பு என்று நாம் இல்லாததற்குச் சொல்கிறோம், அவர்கள் செய்தே வைத்துக்கொண்டார்கள்.

பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் என்ன செய்வது? சாராள் ஆரம்பித்துவிட்டாள். தயாளனின் பழைய ஷூ நாக்கை வெட்டிச் சேணம் தைத்தாள். ஊக்கை வளைத்து, சவாரிக்காரன் கால் வைக்கிற அங்கவடி செய்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டிக் கேமராவில் கிட்டத்தில் வைத்து எடுத்தால் படம் மங்கிப் போயிற்று. தயாளனின் உடைந்த மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றிக் கேமரா முன்னால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாள். யோர்தானின் கண் இமைகூடத் தெளிவாக விழுந்தது. ஃபிலிமைத் தாம்பரம் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி வருவதும், கவரில் போட்டு ஏர்மெயிலில் அனுப்புவதும் தயாளன் வேலை. அவருக்கு அதில் பெருமைதான்.

"நம்ம வீட்டம்மாவோட குதிரை இப்ப அமெரிக்காவுல ஓடிக்கிட்டிருக்கு" என்று ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். வீட்டம்மா எங்கே என்று அங்கே யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

முதல் படத்தில் துரை லகானை இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தான். சாராளுக்குத் தெரிந்ததெல்லாம் தாம்பரம் ஸ்டேஷன் வாசல் ஜட்கா வண்டிதானே, அவள் என்ன செய்வாள்? படத்தின் பின்னால் நடுவர் எழுதி அனுப்பியிருந்தார், வெஸ்டர்னில் ஒரு கைதான், லகான் தொய்வாகத் தொங்க வேண்டும் என்று.

"தொய்வா விட்டா ஓடிடாதா?" என்றார் தயாளன்.

"பழகின குதிரை ஓடாதாம். இழுத்துப் பிடிச்சா ஓட்டறவனுக்குத்தான் தெரியலைன்னு அர்த்தமாம்."

"என்னமோ, அவங்க ஊர்க் குதிரை" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆறாவது இடம் வந்தது. அதற்கடுத்து நாலாவது. பிறகு ஒருமுறை மூன்றாவது. மஞ்சள் ரிப்பன் தபாலில் வந்தபோது சாராள் அதைப் பீரோக் கண்ணாடியில் ஒட்டினாள். நீல ரிப்பன் ஒன்று, ஒன்றே ஒன்று வந்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. கதவு ஆசையும் ரிப்பன் ஆசையும் அவள் மனசுக்குள் எப்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று சொல்ல முடியாது. தனக்குக் கிடைக்காத வெளி, யோர்தானுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தயாளனோடு கோயிலுக்குப் போவாள். கைக்குட்டையில் யூடிகொலோன் வாசனை, கையில் வேதாகமம், இரண்டு பேரும் ஜோடியாக நடந்து வருவதைப் பார்த்துச் சபையார் கண்ணுக்குக் குளிர்ச்சி. பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஞானம்மாள் ஒவ்வொரு வாரமும் கேட்பாள், "சாராள், புதன்கிழமை தையல் சங்கத்துக்கு நீ வரதே இல்லையே?"

சாராள் வாயைத் திறப்பதற்குள் தயாளன் சொல்லிவிடுவார், "அவளுக்கு வெயில் ஒத்துக்கறதில்லைங்க."

"தாங்கு தாங்குன்னு தாங்கறார். கர்த்தர் உனக்கு நல்ல துணையைக் குடுத்திருக்கார்" என்று ஞானம்மாள் அவள் கையைத் தட்டிக் கொடுப்பாள். சாராள் தலையாட்டுவாள். வெயில் ஒத்துக்கொள்ளுமா கொள்ளாதா என்று அவளுக்கே மறந்துபோய் இருந்தது.

எழுபத்திரண்டு கடைசியில் அவள் டிரெயில் பிரிவில் கலந்துகொள்ள நினைத்தாள். வெஸ்டர்னிலேயே அதுதான் கஷ்டம். காட்டுப்பாதையில் போகிற சவாரிக்காரன் வழியில் என்னென்ன தடைகளைக் கடக்க வேண்டுமோ அதெல்லாம் அதில் வரும். கிடக்கிற கட்டையைத் தாண்டுவது, சின்னப் பாலத்தில் ஏறுவது, எல்லாவற்றிலும் பெரியது கேட். குதிரையை விட்டு இறங்காமல் கேட்டைத் திறந்து, கையை அதிலிருந்து எடுக்காமலே அந்தப் பக்கம் போய், மறுபடி சாத்த வேண்டும். அந்த ஒரு கணத்தைச் சரியாக நிறுத்திவிட்டால் நீல ரிப்பன் நிச்சயம் என்று மிஸஸ் பார்க்கர் எழுதியிருந்தாள்.

"கேட் நான் செஞ்சு தரேன்" என்றார் தயாளன்.

அவருக்கு மரவேலையில் கை சுத்தம். ஞாயிறு ஓய்வுநாள், ஆகவே சனிக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்து, பழப்பெட்டிப் பலகையை இழைத்துச் சட்டம் அடித்தார். கீல் இரண்டு, தகரத்தில் வெட்டியது. நாதாங்கிக்கு எதைப் பார்த்துச் செய்வது என்று யோசித்து, எழுந்து போய்த் தம் வீட்டு வாசல்கதவின் நாதாங்கியை விரலால் அளந்துகொண்டு வந்தார். அதே போல, குட்டியாக, கொண்டியில் சொருக ஒரு குண்டூசிப் பூட்டோடு செய்து கேட்டில் பொருத்தினார். சாராள் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள். அந்த மூன்று வாரமும் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கிணற்றடியில் மணலைக் கொட்டி, முருங்கைக் குச்சியால் வேலி போட்டுக் கேட்டை நிறுத்தினாள். வேலிக்கு உள்ளே யோர்தான், அதன்மேல் துரை, அவன் கை கேட்டின் மேல்சட்டத்தில். கேமரா வெளியே. வார், அங்கவடி, லகானின் தொய்வு எல்லாம் பத்துத் தடவை பார்த்துச் சரி செய்தாள். பின்னணியில் மதில் விழுந்தது. அதை மறைக்க வழியில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மதில்தான்.

படம் போயிற்று. பதில் வர எழுபத்துமூன்று கோடை ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் தயாளன் கவரைக் கையோடு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"பிரி பிரி. ரிப்பன் என்ன கலர்?"

ரிப்பன் இல்லை. படம் மட்டும் இருந்தது. பின்னால் நடுவர் எழுதியிருந்ததைச் சாராள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். "இந்தப் போட்டிக்கு வந்ததிலேயே அழகான கேட் இதுதான். சவாரிக்காரர் உட்கார்ந்திருப்பதும் அருமை. ஆனால் ஒரு தவறு. அவர் வேலிக்கு உள்ளே இருக்கிறார். நாதாங்கி வெளிப்பக்கம் இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. அவரால் இதைத் திறக்க முடியாது. வேறு யாராவது வந்து திறந்துவிட்டால்தான் உண்டு. இந்தப் பிரிவில் சவாரிக்காரர் தாமே திறக்க வேண்டும். ஆகையால் இடம் தருவதற்கில்லை."

தயாளன் படத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படி? நாதாங்கி உள்பக்கம் இருந்தா உள்ள இருக்கறது தானே தெறந்துக்கிட்டுப் போயிடாதா? அப்புறம் கேட்டுக்கு என்ன அர்த்தம்?"

சாராள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். தாம் சொன்னது தம் காதிலேயே விழவில்லை அவருக்கு. சாராளுக்கு விழுந்தது. அதைவிட மோசம், அவள் தன்னைப் பற்றியும் யோசித்தாள். மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தவள்தானே? குதிரை வெளியிலிருந்து உள்ளே வருவதாக நிறுத்தியிருந்தால்கூட அந்த நாதாங்கி சரியாகத்தான் இருந்திருக்கும். அப்படி நிறுத்த அவளுக்குத் தோன்றவே இல்லை. உள்ளே ஒருவன், வெளியே பூட்டு, இதில் என்ன தப்பு என்று அவள் கண்ணும் பழகிப்போய்விட்டது. உலகத்திலே வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை தயாளன் தாமாகவே கேட்டை எடுத்து, நாதாங்கியைப் பெயர்த்து உள்பக்கம் மாற்றிக் கொடுத்தார். "இந்தா, இனிமே உன் துரை தானே தெறந்துக்கிட்டு ஊர் சுத்தட்டும். மறுபடியும் எடுத்து அனுப்பு."

"சரிங்க" என்றாள்.

ஞாயிறு கோயில். திங்கள் காலை அவர் காரியரை எடுத்தார், கதவைச் சாத்தினார், நாதாங்கி விழுந்தது, சாவி சுற்றியது. பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

சாராள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வருஷமாகக் கேட்கிற சத்தம், அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபம் இல்லை, காது மடல் சூடாகிற கோபம். பழப்பெட்டிப் பலகைக்குக் கிடைத்த நியாயம் தனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. அழுகை வந்தது, அதையும் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒயர் கூடையை எடுத்தாள். யோர்தான், துரை, கேட், முருங்கைக் குச்சிகள், கேமரா எல்லாவற்றையும் பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்மேல் ஏறினாள்.

"பச்சையம்மாக்கா."

எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாம்மா, பால் இன்னும் கறக்கல."

"உங்க வைக்கோல்போர் ஏணி இருக்கு இல்ல. அதைக் குடுங்க."

பச்சையம்மா தண்ணி வாளியைக் கீழே வைத்தாள். இரண்டு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து கண்ணாடிச் சில்லுமேல் மடித்துப் போட்டாள். ஏணியைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினாள். தன் பக்கம் தீவனத் தொட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"புடவைய வரிஞ்சு சொருகு. கீழ பாக்காத. என் தோள புடி."

இறங்குகிறபோது சாக்கு நழுவிக் கணுக்காலில் ஒரு சில்லு கீறிவிட்டது. ரத்தத்தைப் பச்சையம்மா முந்தானையால் துடைத்தாள். அவ்வளவுதான். ஐந்து வருஷக் கதவு, அரை நாழிகை வேலை. இதை எப்போதோ செய்திருக்கலாமே என்று சாராளுக்குத் தோன்றி, அந்த நினைப்பு கீறலைவிட அதிகமாக எரிந்தது.

ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. கரையோரம் வண்டல் வெடித்து, பாளம் பாளமாக, வெளுத்துப்போய் நீண்டிருந்தது. மிஸஸ் பார்க்கர் அனுப்பிய பத்திரிகையில் மாடு மேய்க்கிறவர்களின் சமவெளி இப்படித்தான் இருக்கும். சாராள் வேலி நட்டாள், கேட்டை ஊன்றினாள். காற்றில் யோர்தான் இரண்டு தடவை குப்புற விழுந்தது. காலுக்கு அடியில் ஈரமண் வைத்து நிறுத்தினாள். நாதாங்கி எடுபட்டு, கேட் பாதி திறந்து, குதிரையின் முன்காலும் மார்பும் வெளியே வந்துவிட, துரையின் கை கேட்டிலேயே இருந்தது. பின்னணியில் தூரத்து வீடுகளின் மதில்கூட விழக்கூடாது என்றால் கேமரா தரையோடு இருக்க வேண்டும். குமாஸ்தா பெண்சாதி, பெண்கள் சங்கத்துக்கே வராத சாராள், ஏரி வண்டலில் குப்புறப் படுத்தாள்.

மாடு ஓட்டிப்போன ஒரு கிழவர் நின்றார். "இன்னாம்மா, மயக்கம் கியக்கமா?"

"இல்லைங்க. போட்டோ எடுக்கறேன்."

"ஓ" என்றார். பொம்மையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெயில் காலத்தில் ஜனங்களுக்கு இப்படி ஆகிறதுண்டு என்று நினைத்தவர் மாதிரி மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஃபிலிம் தீரும் மட்டும் எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வெயில் முதுகில் சுட்டது. ஒத்துக்கொண்டது. சும்மாவே வெகுநேரம் ஏரிக்கரையில் நடந்தாள். கொக்குகளைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தபோது பச்சையம்மா கொட்டகை வாசலில் காத்திருந்தாள். "வாம்மா வாம்மா, வண்டி வர நேரமாச்சு. ஏணி அங்கியே கீது. அவரு வர்றதுக்குள்ள எறங்கிடு."

"வேண்டாம்க்கா. நான் வாசல் வழியா போறேன்."

"வாசல்ல பூட்டு தொங்குது."

"தொங்கட்டும்."

சாராள் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசற்படியில், பூட்டிய கதவுக்கு முன்னால், ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புடவையெல்லாம் வண்டல். திரும்பி ஓடிவிடலாமா, ஏணி அங்கேதானே இருக்கிறது என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுக் கஸ்தூரிரங்கன், தபால் இலாகாவில் ரிடையரானவர், குடையோடு நடைக்குக் கிளம்பினார். அவளைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, சாவி தொலைஞ்சு போச்சா?"

"இல்ல சார். அவர்கிட்ட இருக்கு."

"உங்ககிட்ட ஒண்ணு வெச்சுக்கறதில்லையா? ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, ஆளுக்கு ஒண்ணு வேணுமே."

"நான் வேலைக்குப் போறதில்ல சார்."

"அப்படியா? பகல்ல பூட்டியே இருக்கும். நீங்களும் எங்கயோ டீச்சரா இருக்கீங்கன்னு நாங்க நினைச்சுண்டிருந்தோம். அப்ப பகல்லாம் எங்க இருக்கேள்?"

சாராள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளதான் சார் இருக்கேன்."

கஸ்தூரிரங்கன் பூட்டைப் பார்த்தார். அவள் காலில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். குடையைப் படியில் சாத்தி வைத்தார். அவர் நடைக்குப் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டார்.

தயாளன் தெரு திரும்பியபோது இதைத்தான் பார்த்தார். பூட்டு போட்டது போட்டபடி தொங்குகிறது, அதற்கு வெளியே மனைவி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர். கிட்டே வரவர அவர் நடை தளர்ந்தது.

"எப்படி வெளிய வந்தே?" என்றார். சத்தம் போடத்தான் நினைத்தார், எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

சாராள் எழுந்தாள். "மதில் ஏறி."

"மதில் ஏறியா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நான் பார்த்தேன்" என்றார் கஸ்தூரிரங்கன். "என்ன நினைக்கிறதுன்னுதான் தெரியலை, மிஸ்டர் தயாளன்."

தயாளன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். சாவி பூட்டின் துவாரத்தில் நுழையவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. சாராளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை நீட்டினாள்.

"குடுங்க. நான் தெறக்கறேன்."

கொடுத்தார். பூட்டு வந்த ஐந்து வருஷத்தில் அதை அவள் தன் கையால் திறப்பது அதுதான் முதல் தடவை. சாவியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் முதலில் இடப்பக்கம் சுற்றினாள். பிறகு வலப்பக்கம். பூட்டு திறந்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டு, காபிக்குத் தண்ணீர் வைத்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர், "எனக்கு உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. பயம்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"தெரியும். அந்தப் பயத்தை நான்தானே இத்தனை வருஷமா உள்ள உக்காந்து காவல் காத்தேன்" என்றாள் சாராள். "சாவி என் டிரங்குப் பெட்டியில இருக்கு. வேணும்னா கேளுங்க."

மறுநாள் காலையில் அவர் காரியரோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாராள் உள்ளே நின்று காது கொடுத்துக் கேட்டாள். நாதாங்கி விழவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், பிறகு செருப்புச் சத்தம் தெருவில் போய் மறைந்தது. சாராள் கதவைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். எங்கும் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அவளால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. கால் வரவில்லை. மதில் ஏறின கால்தான், ஆனால் திறந்த கதவு அதற்குப் பழக்கமில்லை. பால் கொண்டுவந்த பச்சையம்மா முதல்முறையாக வாசல் வழியாக வந்து, அவளைக் கையைப் பிடித்துத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டாள்.

அந்த ஏரிக்கரைப் படத்துக்கு இரண்டாவது இடம் வந்தது. துரையின் தொப்பி காற்றில் சாய்ந்திருந்ததாம். சாராள் அந்தச் சிவப்பு ரிப்பனையும் பீரோவில் ஒட்டினாள். புதன்கிழமைகளில் தையல் சங்கத்துக்குப் போக ஆரம்பித்தாள். நீல ரிப்பன் கடைசிவரை வரவே இல்லை.

தயாளன் ரிடையராகும் வரை ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைச் சாத்தியதும் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகும். துழாவும். வெறுமனே வெளியே வரும். ஜன்னலில் நின்று சாராள் அதைப் பார்ப்பாள். சாவியை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவளும் தினமும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, அவர் தெரு திரும்புகிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகராமல் நிற்பாள்.